ஃபுட்டைத் திருப்பிப் பாருங்கள்: தையல் மெஷினுக்கு ஏற்ற பிரஷர் ஃபுட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஊசிக்கு அடியில் துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைக் கையில் எடுத்ததும் நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். ஊசி இறங்கும் இடைவெளியும் முன்னால் நீளும் இரண்டு விரல்களும் கண்ணில் படும். அதை வைத்து இது ஜிப்புக்கு, இது காஜாவுக்கு என்று பெயர் சொல்லிவிடலாம். ஆனால் அது எந்தத் துணியில் ஒழுங்காக ஓடும், எங்கே சிக்கும் என்பது தெரிய வேண்டுமானால் ஃபுட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துணியைத் தொடுவது அடிப்பக்கம்தானே. வழவழவென்று தட்டையாக இருக்கிறதா, நடுவில் வாய்க்கால் போல் பள்ளம் ஓடுகிறதா, அந்தப் பள்ளம் ஊசிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறதா, பின்பக்கம் வரை போகிறதா என்று பார்க்கப் பழகிவிட்டால், பெயர் தெரியாத ஃபுட்டைக்கூட இன்ன வேலைக்கு என்று சொல்லிவிடலாம்.

ஃபுட் உண்மையில் என்ன செய்கிறது

துணியை நகர்த்துவது ஊசித் தட்டின் பிளவுகளில் தெரியும் பற்கள். ஃபீட் டாக் என்பார்கள். பற்கள் மேலே எழும், பின்னுக்கு நகரும், கீழே இறங்கும், மறுபடி முன்னுக்கு வரும். இந்த நான்கு அசைவு முறைக்கு அமெரிக்கரான ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய மெஷின்களிலும் அடிப்படை அதேதான். பற்கள் எழும்போது துணி அவற்றின்மேல் அழுந்தியிருந்தால்தான் நகரும். அந்த அழுத்தத்தைத் தருவது ஃபுட்டின் வேலை.

இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. ஊசி அடிவரை இறங்கி மேலே ஏறத் தொடங்கும் கணத்தில், ஊசிக் கண்ணருகே நூல் ஒரு சின்னக் கண்ணியாகப் பிதுங்கும். கீழே சுழலும் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்தால் தையல் விழும். ஊசி ஏறும்போது துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தால் கண்ணி பிதுங்காது, கொக்கிக்கு எதுவும் அகப்படாது, தையல் தாவிவிடும். ஊசியைச் சுற்றித் துணியை அமுக்கிப் பிடித்திருப்பது ஃபுட்தான். மெல்லிய துணியில் தையல் தாவினால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஃபுட்டின் இடைவெளி அகலத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஃபுட்டைத் தூக்கி இறக்கும் லிவரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லிவரைத் தூக்கினால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விரியும், இறக்கினால் இறுகும். நூல் கோக்கும்போது ஃபுட் தூக்கியிருக்க வேண்டும் என்பது அதனால்தான். இறக்க மறந்து தைத்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நிற்கும். பலர் கீழ்நூல் சுற்றிய பாபினைக் குறைசொல்லிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் மெஷினுக்குப் பொருந்த வேண்டும்

லிவரை இறக்குங்கள். ஊசித் தட்டின் மேல்மட்டத்திலிருந்து, ஃபுட்டைப் பிடித்திருக்கும் திருகின் நடுப்புள்ளி வரை ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். நுனியிலேயே பூஜ்ஜியம் தொடங்கும் ஸ்கேலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டிவிடும்.

ஃபுட்டை மெஷினோடு இணைக்கும் கால்பகுதிதான் ஷாங்க். அளவு முக்கால் அங்குலத்துக்குள் வந்தால் உங்கள் மெஷின் லோ ஷாங்க். ஒரு அங்குலமோ சற்றுக் கூடுதலாகவோ வந்தால் ஹை ஷாங்க். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை லோ ஷாங்க்தான். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின்களும் அதே. தொழிற்சாலை மெஷின்களும் குவில்ட் (நடுவே பஞ்சு வைத்த அடுக்குத் துணி) தைப்பதற்கான சில பெரிய மெஷின்களும் ஹை ஷாங்க். ஊசியே முன்பக்கம் சாய்ந்து இறங்கினால் அது ஸ்லான்ட் ஷாங்க். சிங்கர் 401, 500 போன்ற பழைய மாடல்களில் இதைப் பார்க்கலாம். பெர்னினா மெஷின்களுக்குத் தனி மாட்டல் முறை உண்டு. ஃபாஃப் மெஷின்களில் ஐடிடி எனப்படும் மேல் நகர்த்தி இருந்தால், அதைப் பயன்படுத்த ஃபுட்டின் பின்பக்கம் ஒரு வெட்டு இருந்தாக வேண்டும். சாதாரண ஃபுட்டில் அந்த வெட்டு இருக்காது.

உயரம் தவறினால் உடனே தெரிந்துவிடும். லோ ஷாங்க் மெஷினில் ஹை ஷாங்க் ஃபுட்டை மாட்டினால், லிவரைத் தூக்கிய பிறகும் ஃபுட் தட்டிலேயே இடித்துக்கொண்டிருக்கும். மாற்றி மாட்டினால் லிவரை முழுக்க இறக்கியும் ஃபுட் துணியைத் தொடாது, அந்தரத்தில் நிற்கும்.

அடுத்தது மாட்டும் விதம். சில ஃபுட்கள் ஷாங்க்கோடு ஒரே துண்டாக வரும், திருகால் இறுக்க வேண்டும். மற்றவை ஸ்னாப் ஆன். திருகால் மாட்டிய ஒரு ஹோல்டர் மெஷினிலேயே இருக்கும், ஃபுட்டின் மேலுள்ள குறுக்குக் கம்பி அதன் பிளவில் ‘டக்’கென்று உட்காரும். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் லோ ஷாங்க் ஹோல்டர் ஒன்றை வாங்கித் திருகிக்கொண்டால் ஸ்னாப் ஆன் ஃபுட்களில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் குறுக்குக் கம்பியின் நீளமும் தடிமனும் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. கம்பி பிளவுக்குள் போக மறுத்தால் அமுக்கித் திணிக்காதீர்கள், ஹோல்டரின் ஸ்பிரிங் வளைந்துவிடும். மாட்டிய பிறகு ஃபுட் இடமும் வலமும் தளர்ந்து ஆடினாலும் அது பொருந்தவில்லை என்றே அர்த்தம்.

மூன்றாவது பொருத்தத்தைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஊசி உடைவது அதனால்தான். மெஷினின் ஜிக்ஜாக் அகலம் 5, 7, 9 மி.மீ. என மாடலுக்கு மாடல் மாறும். 5 மி.மீ. மெஷினுக்காகச் செய்த ஃபுட்டின் இடைவெளி குறுகலாக இருக்கும். அதை 9 மி.மீ. மெஷினில் மாட்டி அகலத்தைக் கூட்டினால் ஊசி நேராக உலோகத்தில் போய் அடிக்கும். எதிர்மாறாக, 9 மி.மீ. ஃபுட்டைக் குறுகிய பற்கள் உள்ள மெஷினில் மாட்டினால் விரல்கள் பற்களுக்கு வெளியே தள்ளிப் போய், துணியைப் பிடிக்க ஆளில்லாமல் தையல் கோணும். ஃபுட்டின் இரு விரல்களும் இரு பல்வரிசைகளின்மேல் நேராக உட்கார்கின்றனவா என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்தப் புது ஃபுட்டை மாட்டினாலும், தையல் வகையையும் அகலத்தையும் வைத்துவிட்டு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றுங்கள். ஜிக்ஜாக் என்றால் ஊசி இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒருமுறையாவது இறங்கி ஏற வேண்டும். எங்கும் உரசாவிட்டால் மட்டும் மோட்டாரை இயக்குங்கள்.

எப்போதும் மாட்டியிருக்கும் ஃபுட்

மெஷினோடு வரும் ஜிக்ஜாக் ஃபுட்டே நூற்றுக்குத் தொண்ணூறு வேலைக்குப் போதும். சிலவற்றில் விரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொத்தான் இருக்கும். அது எதற்கென்று தெரியாமலே பல வருடம் தைக்கிறவர்கள் உண்டு. பேன்ட் கால் மடிப்பு போன்ற தடித்த இடத்தின் விளிம்பில் தொடங்கும்போது ஃபுட்டின் மூக்கு மேல் நோக்கித் தூக்கிக்கொள்ளும். துணி நகராது, அதே இடத்தில் தையல் குவியும். அப்போது ஃபுட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து அந்தப் பொத்தானை உள்ளே அமுக்கியபடி லிவரை இறக்க வேண்டும். ஃபுட் சாயாமல் பூட்டிக்கொள்ளும். சில தையல் போனதும் தானே விடுபடும். பொத்தான் இல்லாத ஃபுட் என்றால், அதே தடிமனுக்கு மடித்த துணித்துண்டு ஒன்றை ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் வைத்து மட்டப்படுத்துங்கள். வேலை ஒன்றுதான்.

ஷிஃபான், வாயில், மெல்லிய பட்டு போன்றவற்றுக்கு இந்த ஃபுட்டின் அகன்ற இடைவெளி ஆகாது. துணியின் முனையை ஊசி தட்டு ஓட்டைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே நேர்தையல் ஃபுட் வேண்டும். ஊசிக்கு ஒரே ஒரு சின்ன வட்ட ஓட்டை, அடிப்பக்கம் முழுக்கத் தட்டை. அதோடு ஒற்றை ஓட்டை உள்ள ஊசித் தட்டையும் மாற்றினால் துணி இம்மியும் உள்ளே போகாது. இதை மாட்டியிருக்கும்போது ஜிக்ஜாக்குக்கு மாற்றக் கூடாது, ஊசியை நடுவிலிருந்து நகர்த்தவும் கூடாது. சில மெஷின்களில் நேர்தையலுக்கு ஊசி தானாகவே இடப்பக்கம் நிற்கும். அவற்றில் நடுஊசி நேர்தையலைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் தட்டை உடனே பழையபடி மாற்றிவிடுங்கள். அடுத்த நாள் ஞாபகம் இருக்காது.

சாட்டின் தையலுக்கான ஃபுட்டைத் திருப்பினால் அகலமான பள்ளம் ஒன்று ஊசி இடத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடும். நெருக்கமான ஜிக்ஜாக் துணிக்கு மேல் வரம்பு போல் எழும்பி நிற்கும், அந்த வரம்பு நழுவிப் போகத்தான் பள்ளம். 4 மி.மீ. அகலம், 0.4 மி.மீ. நீளம் வைத்துத் தட்டையான ஃபுட்டில் தைத்துப் பாருங்கள். கொஞ்ச தூரத்திலேயே வரம்பு ஃபுட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, நூல் ஒரே இடத்தில் முடிச்சாகக் குவியும். டென்ஷனில் கோளாறு இல்லை. ஃபுட்டை மாற்றினால் சரியாகிவிடும்.

ஜிப் வேலை

சாதாரண ஜிப் ஃபுட்டுக்கு ஒரே விரல். ஊசி அந்த விரலின் பக்கவாட்டு வெட்டில் இறங்கும். இடது, வலது எந்தப் பக்கமும் மாட்டலாம். ஜிப்பின் பற்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கம் ஃபுட் இருக்க வேண்டும். ஒரு விரல் மட்டுமே என்பதால் ஒரு பல்வரிசை ஃபுட் இல்லாமல் சும்மா ஓடும். துணி மெல்ல ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், கையால் நேராக நடத்த வேண்டும். பைப்பிங் (துணி சுற்றிய கயிற்று ஓரம்) தைக்கவும் இந்த ஃபுட் உதவும்.

கண்ணுக்குத் தெரியாத ஜிப்புக்கான ஃபுட் வேறு. திருப்பிப் பார்த்தால் அடியில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள், நடுவில் மெல்லிய சுவர். ஜிப்பின் சுருள் பள்ளத்துக்குள் ஓடும்போது அந்தச் சுவர் சுருளைப் புரட்டி நிமிர்த்திப் பிடிக்கும், ஊசி சுருளின் வேரிலேயே இறங்கும். இதை வைத்துத் தைக்கும் முறை:

ஜிப்பை முழுக்கத் திறந்து, உள்பக்கம் மேலிருக்கப் போட்டு, குறைந்த சூட்டில் சுருள் படுத்துப் போகுமாறு விரலால் புரட்டிவிட்டுக்கொண்டே இஸ்திரி செய்யுங்கள். நைலான் உருகும், எனவே இஸ்திரிப் பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். துணியின் நல்ல பக்கமும் ஜிப்பின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்குமாறு வையுங்கள். மேலிருந்து தொடங்கி, சுருளைப் பள்ளத்தில் உட்கார வைத்து, ஜிப்பின் ஓடி (திறந்து மூட இழுக்கும் பகுதி) முட்டும் வரை தைத்து, இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு நிறுத்துங்கள். மறுபக்கத்துக்கு மற்றப் பள்ளம். அதைத் தைப்பதற்கு முன் ஜிப்பை ஒருமுறை மூடி, நாடாவில் முறுக்கு விழவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஜிப்பில் கீழ்ப்பகுதித் தையலைக் கடைசியில்தான் போட வேண்டும். அதற்குச் சாதாரண ஜிப் ஃபுட்டுக்கு மாறி, ஜிப் தையல் முடிந்த இடத்துக்கு 5 மி.மீ. மேலிருந்து, நூலளவு வெளியே தள்ளித் தொடங்குங்கள்.

ஓடி பாதியில் இறுகி நின்றால் ஊசி சுருளின்மேல் ஏறித் தைத்திருக்கிறது. இஸ்திரி போதாமல் சுருள் நிமிர்ந்து நின்றிருக்கும், அல்லது பள்ளம் சுருளைவிட அகலமாக இருந்து ஜிப் உள்ளே உருண்டிருக்கும். மூடிய பிறகும் நாடா எட்டிப் பார்த்தால் தையல் தள்ளிப் போயிருக்கிறது. அதைப் பிரிக்கத் தேவையில்லை, அதன்மேலேயே இன்னும் நெருக்கமாக ஒரு வரி தைத்தால் போதும். உலோகப் பல் ஜிப்புக்கு இந்த ஃபுட் ஆகவே ஆகாது.

சுருள் ஹெம்மர்

தையலில் எனக்கு மிகவும் பிடித்த ஃபுட் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கோபப்பட வைப்பதும் இதுதான். முன்பக்கம் சங்கு போல் சுருண்ட தகடு இருக்கும். துணியின் வெட்டு ஓரம் அதில் நுழைந்து, தானே இரண்டு மடிப்பாகச் சுருண்டு ஊசிக்கு அடியில் வரும். 2, 4, 6 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். ஷிஃபான், ஜார்ஜெட் வகைக்கு 2, மெல்லிய பருத்திக்கு 4, சட்டைத் துணிக்கு 6 என்று வைத்துக்கொள்ளலாம். தடித்த துணியை 2 மி.மீ. சுருளுக்குள் நுழைத்தால் அங்கேயே அடைத்துக்கொள்ளும். டெனிமுக்கு எந்த அளவு ஹெம்மரும் வேண்டாம், கையால் மடித்துத் தையுங்கள்.

தொடங்குவதில்தான் கஷ்டம் எல்லாம். ஓரத்தை 3 மி.மீ. அளவில் இரண்டு முறை மடித்து, 5 செ.மீ. நீளத்துக்கு மட்டும் இஸ்திரி செய்யுங்கள். அந்த மடிப்பை ஃபுட்டுக்கு அடியில் வைத்து நாலைந்து தையல் போட்டு, ஊசி துணிக்குள் இறங்கியிருக்க நிறுத்துங்கள். ஃபுட்டைத் தூக்கி, முன்னால் உள்ள துணி ஓரத்தைச் சங்கின் வாய்க்குள் சுருட்டிவிட்டு, ஃபுட்டை இறக்குங்கள். இடக்கையால் பின்பக்கம் இருக்கும் இரு நூல் முனைகளையும் லேசாகப் பிடித்திழுத்தபடி மெதுவாகத் தொடங்குங்கள். வலக்கையில் வெட்டு ஓரத்தை ஃபுட்டுக்கு முன்னால் சற்று மேலே நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும்.

இனி கண் சங்கின் வாயிலேயே இருக்கட்டும். ஓரம் வாயை நிரப்பியபடி போக வேண்டும், வழியக் கூடாது. துணி குறைவாகப் போனால் மடிப்புக்குள் அடங்காமல் பிசிறு வெளியே தெரியும். அப்போது துணியை ஒரு நூலிழை வலப்பக்கம் நகர்த்துங்கள். அதிகமாகப் போனால் மடிப்பு இரட்டித்துத் தடிக்கும், இடப்பக்கம் நகர்த்துங்கள். பெரிய அசைவு வேண்டாம், விரல் சாய்வு போதும்.

குறுக்கே ஒரு தையல் ஓரம் வந்தால் அங்கே துணி நாலு மடங்கு தடிமனாகிவிடும், சங்கு அடைக்கும். முன்கூட்டியே அந்த இடத்தில் தையல் ஓரத்தின் இரு மூலைகளையும் முக்கோணமாக வெட்டிக் குறைத்து, ஓரங்களை விரித்து இஸ்திரி செய்துவிட வேண்டும். கிராஸாக வெட்டிய ஓரம் இழுபட்டு அலை அலையாகப் போகும், வெட்டியதும் கஞ்சி தெளித்து இஸ்திரி செய்தால் விறைப்பாக நின்று சுருளும். நேர் ஓரத்தில் இரண்டு மீட்டர் பழகாமல் வட்ட ஓரத்தைத் தொட வேண்டாம்.

மேல் துணி நழுவினால்

50 செ.மீ. நீளத்தில் ஒரே மாதிரி இரண்டு பட்டை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, குண்டூசி குத்தாமல், கையால் இழுக்காமல் தைத்துப் பாருங்கள். முடிவில் மேல் பட்டை நீண்டு வெளியே நிற்கும். பற்கள் தொடுவது கீழ்த் துணியை மட்டும்தான், மேல் துணி ஃபுட்டின் உரசலில் பின்தங்குகிறது. பருத்தியில் இந்த வித்தியாசம் சிறிதாக இருக்கும். வெல்வெட்டிலும் சாட்டினிலும் கட்டம் பொருத்த வேண்டிய துணியிலும் வேலையையே கெடுத்துவிடும்.

முதல் மருந்து அழுத்தத்தைக் குறைப்பது, அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் வாக்கிங் ஃபுட். இதற்குள்ளேயே பற்கள் உண்டு, மேல் துணியையும் கீழ்த் துணியோடு சேர்த்து நடத்தும். மாட்டும்போது பக்கத்தில் நீளும் கவட்டைக் கை ஊசியைப் பிடித்திருக்கும் திருகின்மேல் உட்கார வேண்டும். ஊசிக்கம்பி ஏறி இறங்கும்போது அந்தக் கையும் ஏறி இறங்கித்தான் மேல் பற்களை நகர்த்துகிறது. கை திருகுக்குக் கீழே தொங்கினால் ஃபுட் சும்மா அமுக்கிக்கொண்டு நிற்கும், துணி நகராது. இந்த ஓயாத தட்டலில் ஊசித் திருகு மெல்லத் தளர்ந்துவிடும், எனவே தொடங்கும்முன் நன்றாக இறுக்குங்கள், நடுவிலும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். குவில்ட் அடுக்குகளுக்குத் தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ. வரை பொருத்தம். வேகம் வேண்டாம். பின்னோக்கித் தைப்பதையும் பக்கவாட்டில் நகரும் அலங்காரத் தையல்களையும் தவிருங்கள். கடகடவென்று சத்தம் வருவது இயல்பு.

ரெக்ஸினும் தோலும் வேறு மாதிரி அடம்பிடிக்கும். ஃபுட்டின் உலோகம் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் துணி நகராமல் தையல் குட்டையாகிப் போகும். டெஃப்லான் ஃபுட் வழுக்கிக்கொண்டு போகும். உருளை ஃபுட்டும் உண்டு, ஆனால் மிருதுவான தோலில் உருளையின் தடம் பதியலாம், துண்டில் சோதித்த பிறகே மாட்டுங்கள். இரண்டும் இல்லாத அவசரத்துக்கு, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை மேலே வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம். தோலில் விழுந்த ஊசித் துளை மறையாது என்பதால் பிரித்துத் தைப்பதற்கு இடமே இல்லை.

காஜா, பட்டன், ஓரம்

காஜா ஃபுட்டின் பின்பக்கப் பிடியில் பட்டனை வைத்தால் நீளத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தட்டை பட்டனுக்கு இது சரி. குமிழ் போன்ற பட்டனுக்கு விட்டத்தோடு தடிமனையும் கூட்டி நீளம் கணக்கிட வேண்டும், பிடியைச் சற்று இழுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரே தடவையில் காஜா போடும் மெஷின்களில் ஊசியின் இடப்பக்கம் ஒரு லிவர் இருக்கும், அதைக் கீழே இறக்க மறந்தால் நீளம் எங்கே முடிகிறதென்று மெஷினுக்குத் தெரியாது. தடித்த தையல் ஓரத்தின்மேல் ஃபுட்டின் ஓரம் ஏறினால் அது சறுக்க முடியாமல் நின்று, ஒரு பக்கத் தையல் நெருங்கி மறுபக்கம் அகன்றுவிடும். சட்டையில் எத்தனை அடுக்கோ அத்தனை அடுக்கும் கேன்வாஸும் வைத்து ஒரு காஜா போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சட்டையைத் தொட வேண்டும்.

பட்டன் தைக்கும் ஃபுட்டுக்குப் பற்களை இறக்கிவிட்டு, ஜிக்ஜாக் அகலத்தைப் பட்டனின் இரு ஓட்டைக்கும் இடையிலான தூரத்துக்குச் சமமாக வையுங்கள். முதல் இரண்டு குத்து கைச்சக்கரத்தில்.

வெட்டு ஓரம் பிசிராமல் தைக்கும் ஓவர்காஸ்ட் ஃபுட்டின் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கும். தையல் அந்தக் கம்பியின்மேல் விழுந்து பிறகு நழுவுவதால் துணியின் ஓரம் சுருளாது. அகலம் 5 மி.மீ.க்குக் குறைந்தால் ஊசி கம்பியிலேயே குத்தும். பைப்பிங் ஃபுட் தேர்ந்தெடுக்கும்போது கயிற்றை மட்டும் அளக்காதீர்கள், துணி சுற்றிய கயிறு அடிப் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். பள்ளம் பெரிதானால் கயிறு உருளும், பைப்பிங் தொளதொளவென்று வரும். வெளியே தையல் தெரியாமல் ஓரம் மடிக்கும் பிளைண்ட் ஹெம் ஃபுட்டில் ஊசி இடப்பக்கம் பாயும்போது மடிப்பின் ஒன்றிரண்டு இழையை மட்டும் கவ்வ வேண்டும், வழிகாட்டித் தகட்டைத் திருகால் நகர்த்திச் சரிசெய்யலாம்.

தையல் ஓரம் சரியாகக் கால் அங்குலம் வர உதவும் கால் அங்குல ஃபுட்டை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி செய்யுங்கள். நடுப் பட்டை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் ஓரம் அதிகமாகப் போகிறது, ஊசியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்துங்கள். ஓட்டை அகலமாக இருந்தால் மட்டுமே அப்படி நகர்த்த முடியும்.

பிரில்லுக்கான ரஃப்லரில் 1, 6, 12 என்று எண்கள் இருக்கும். எத்தனை தையலுக்கு ஒரு மடிப்பு என்பது அதன் பொருள். எவ்வளவு துணி பிடிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பயனில்லை. 50 செ.மீ. துண்டை அதே துணியில் தைத்து, எவ்வளவாகச் சுருங்கியது என்று அளந்து, அந்த விகிதத்தில் வெட்டுங்கள். கையால் நகர்த்தி எம்பிராய்டரி செய்யும் டார்னிங் ஃபுட்டுக்குப் பற்களை இறக்கிவிட வேண்டும். ஃபுட் துணிக்கு மேல் மிதப்பது போலத் தெரிவதால் லிவரை இறக்க மறந்துவிடுவார்கள், அதில் கவனம்.

எதை முதலில் வாங்குவது

32 ஃபுட் கொண்ட பெட்டி பார்க்க ஆசையாக இருக்கும். அதில் பாதி பெட்டியை விட்டு வெளியே வராது, மீதியில் சில உங்கள் மெஷினின் அகலத்துக்கே பொருந்தாது. மெஷினோடு வந்த ஜிக்ஜாக், ஜிப், காஜா ஃபுட்களுக்கு மேல், ரவிக்கை, கவுன் தைப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஜிப் ஃபுட்டும் மெல்லிய துணிக்கு நேர்தையல் ஃபுட்டும் வாங்கட்டும். பை, திரை, குவில்ட் தைப்பவர்களுக்கு வாக்கிங் ஃபுட் முதலில். துப்பட்டா ஓரம் அதிகம் தைத்தால் 2 மி.மீ. ஹெம்மர். ஒவ்வொன்றையும் மெஷின் மாடலைச் சொல்லித் தனித்தனியாக வாங்குவதே நல்லது. உலோக ஃபுட்டா பிளாஸ்டிக் ஃபுட்டா என்றால், அடிக்கடி பயன்படுவது உலோகத்தில் இருக்கட்டும். துணியின் ஓரம் ஃபுட் வழியே தெரிய வேண்டிய வேலைக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வசதி.

அழுத்தமும் பராமரிப்பும்

சரியான ஃபுட் இருந்தும் தையல் கோணினால் அழுத்தத்தைப் பாருங்கள். ஃபுட்டைத் தாங்கும் கம்பியான பிரஷர் பாரின் மேல்முனையில் திருகு இருக்கும், அல்லது பக்கவாட்டில் எண் போட்ட டயல். திருகை வலப்பக்கம் சுற்றினால் அழுத்தம் கூடும். பனியன் துணி தைத்த வரி அலை அலையாக நீண்டு நின்றால் அழுத்தம் அதிகம், ஃபுட் துணியை இழுத்துப் பரப்பிவிடுகிறது. துணியில் பற்களின் தடம் பதிந்தாலும் அதிகம்தான். ஓடும்போது துணி இடமும் வலமும் அலைந்தாலோ தையல் நீளம் ஒரே மாதிரி வராவிட்டாலோ அழுத்தம் போதவில்லை. அரைச் சுற்று மாற்றி, துண்டில் தைத்து, பிறகு அடுத்த அரைச் சுற்று.

திருகு ஃபுட்டை விரலால் மட்டும் இறுக்கிவிட்டு ஓட்டினால் அதிர்வில் தளர்ந்து, ஃபுட் இறங்கி, ஊசி அதன்மேலேயே குத்தும். கடைசிக் கால் சுற்றை ஸ்குரூ டிரைவரால் இறுக்குங்கள். ஊசி ஒருமுறை ஃபுட்டில் அடித்து உடைந்திருந்தால், அடுத்த ஊசியை மாட்டும் முன் ஃபுட்டைக் கழற்றித் திருப்பி, அடிப்பக்கத்தில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத பிசிறும் உண்டு, அதற்கு ஒரு பஞ்சு உருண்டையைத் தேய்த்தால் இழை சிக்கும் இடம் காட்டிக்கொடுக்கும். மிக நைசான எமெரி தாளால் அந்த இடத்தை மட்டும், ஓட்டையின் நீளவாட்டில், பஞ்சு சிக்காத வரை தேயுங்கள். ஓட்டையின் விளிம்பே நசுங்கியிருந்தால் தேய்க்க வேண்டாம், புது ஃபுட் மாட்டிவிடுங்கள். ஊசித் தட்டின் ஓட்டையிலும் அதே பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள், உடைந்த ஊசி அங்கேயும் கீறியிருக்கலாம்.